மைக்கை அணைக்கிற மனுசர்

கனி அண்ணாச்சியைப் பத்தி என்கிட்ட யாராவது கேட்டா, முதல்ல அவரு வீடு வீடாப் போற கதையைத்தான் சொல்லுவேன். நிகழ்ச்சி இருக்குற அன்னைக்குச் சாயங்காலம் நாலரை ஆச்சுன்னா, சட்டைப் பையில ஒரு சாக்பீஸோட கிளம்பிருவாரு. மேடையை ஒட்டி எங்க தெருவுல பதினோரு வீடு. ஒவ்வொரு வாசல்லயும் செருப்பைக் கழட்டிட்டு நின்னு, "இன்னைக்கு நிகழ்ச்சி இருக்கு, ஒன்பதரைக்கு முடிச்சிருவேன். வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சொகமில்லையா? பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கா? பச்சை உடம்புக்காரி யாரும் உண்டுமா?"ன்னு கேப்பாரு. கேட்டுட்டு வந்து ஆம்ப்ளிஃபயர்ல சத்தம் கூட்டுற குமிழுக்குப் பக்கத்துல சாக்பீஸால ஒரு கோடு கிழிப்பாரு. அன்னைக்கு அந்தக் கோட்டைத் தாண்டி எந்தக் கொம்பனும் குமிழைத் திருப்ப முடியாது.

நான் பாக்கியம். மேடை வாசல்ல சுண்டலும் பனங்கிழங்கும் விக்கேன். பொறந்தது மணப்பாடு, கட்டிக் குடுத்தது கொக்கிரகுளம். எங்க வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி துறைமுகத்துல வேலை, வாரம் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிட்டுப் போவாரு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு தெருவுல சொல்லுவாக. சொல்லிட்டுப் போகட்டும். வாயில்லாதவ வாசல்ல கடை போட முடியுமா?

மேடைன்னதும் பெருசா எதையும் நினைச்சிராதீக. மாநகராட்சி கட்டுன திறந்தவெளி அரங்கம்னு பலகையில இருக்கும், எங்களுக்கு அது வெறும் மேடைதான். மேல ஒரு தகரக் கொட்டகை, எதுக்க வளைஞ்சாப்ல ஏழு சிமெண்டுப் படி. படிக்குப் பின்னால தாமிரபரணி. மேடைக்குப் பின்னால எங்க தெரு. ஓரமா ஒரு புங்கமரம், அதுக்கு அடியில கனி அண்ணாச்சியோட மேசை. அவ்வளவுதான் இடம். ஆனா இந்த ஊருல கல்யாண மண்டபம் பிடிக்க வக்கில்லாத எல்லாரும் இங்கனதான் வருவாக. ஆர்.சி. கோயில் பிள்ளைக பாட்டுப் படிக்கும். மேலப்பாளையத்துப் பையங்க தப்ஸ் கொட்டு அடிப்பாங்க. மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத்துல இருந்து இறக்கி விட்ட சனம், கீழ வந்து ஆளுக்கொரு மூலையில வாடகைக்கு இருக்குதுக, மாசத்துக்கு ஒருக்கா இந்தப் படியில உக்காந்துதான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிடும். வெள்ளம் வந்த அந்த டிசம்பர்ல அஞ்சாவது படி வரைக்கும் தண்ணி ஏறுச்சு. வடிஞ்ச மறுநாளே சேத்தை வழிச்சுப் போட்டுட்டு மேடையில அடுப்பு மூட்டுனோம். நாலு நாளு எங்க தெருவுக்கே சோறு அங்கன இருந்துதான்.

அண்ணாச்சிக்கு மேலப்பாளையம். அவுக வாப்பா தறிக்காரரு. இவரு மைக்செட் கடையில வேலை பழகி, அரபு நாட்டுல தம்மாம்ல மூணு வருசம் கரண்டு வேலை பாத்துட்டு, வெக்கை தாங்கலைன்னு திரும்பி வந்த ஆளு. மேடைக்குக் கரண்டு பாக்கவும் காவலுக்கும் சேத்து ஒரே ஆளா மாநகராட்சியில ஒப்பந்தத்துல எடுத்தாங்க. ஆச்சு இருபது வருசம், இன்னும் ஒப்பந்தம்தான். அவரு வீட்டுக்காரி ஷம்ஸியா ஒருநாள் என்கிட்ட சொன்னா, "எனக்கு முன்னாலயே அந்த மேடைய நிக்காஹ் பண்ணிட்டாருக்கா, எனக்குத்தான் தெரியாமப் போச்சு"ன்னு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா, ஆனா பாதி நெசம்.

அந்த வீடு வீடாப் போற பழக்கம் எப்படி வந்துச்சுன்னு நான்தான் சொல்லணும். ஏன்னா அதுக்குக் காரணமே நான்தான்.

அவரு வேலைக்குச் சேந்து மூணாவது வாரம். எங்களுக்கு எபின்னு ஒரு ஆம்பிளைப் பிள்ளை, எட்டு மாசம். ரெண்டு நாள் காய்ச்சல். மூணாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில இருந்து துணியில சுத்திக் குடுத்துட்டாங்க. கொண்டு வந்து நடுவீட்டுல கெடத்திட்டு உக்காந்திருக்கோம். ஆறு மணிக்கு மேடையில சினிமாப் பாட்டுக் கச்சேரி. புது ஆளு, அவருக்கு என்ன தெரியும், முழுச் சத்தத்துல வச்சுட்டாரு. ஒரு பாட்டு, ரெண்டு பாட்டு. மூணாவது பாட்டுப் பாதியில நான் எந்திரிச்சுப் போயி மேடை வாசல்ல நின்னேன். தலை விரிஞ்சு கெடக்கு, கால்ல செருப்பில்ல. ஒரு வார்த்தை பேசல. அண்ணாச்சி பக்கத்துல யார்ட்டயோ என்னன்னு கேட்டாரு. கேட்டதும் முகம் செத்துப் போச்சு. ஓடிப் போயி மெயினை இறக்கிட்டாரு.

அன்னையில இருந்துதான் இந்தச் சுத்து. அன்னையில இருந்துதான் அந்தச் சட்டமும். தெருவுல ஒரு சாவுன்னா, பிரேதம் தெருமுனை தாண்டுற வரைக்கும் மேடையில மைக் கெடையாது. ஒருக்கா கட்சிக்காரங்க கூட்டம், ஆயிரம் பேரு, சட்டையப் பிடிச்சுட்டாங்க. இவரு சாவியை இடுப்புல சொருகிக்கிட்டு உக்காந்துட்டாரு. கூட்டம் மறுநாள்தான் நடந்துச்சு.

அன்னைக்கு நான் எதுக்குப் போயி நின்னேன்னு மட்டும் இன்னைய வரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல. அதைப் பொறவு சொல்லுதேன்.

மேடைக்குப் பின்சுவரை ஒட்டின வீடு சங்கரசுப்பிரமணியன் சாருக்கு. தாலுகா ஆபீஸ்ல எழுத்தரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு வீட்டு அடுப்படி சன்னல் நேரா அண்ணாச்சி மேசையப் பாத்தாப்ல இருக்கும். சாருக்குச் சத்தம் ஆகாது. தும்முனாக்கூட ஆகாது. மேடையை மூடணும்னு அவரு எழுதுன மனு நூறுக்கு மேல இருக்கும். எழுத்துன்னா எழுத்து, ஒவ்வொரு வரியும் ஊசி குத்துற மாதிரி இருக்கும். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் அவரு வாசல்லயும் போயி நிப்பாரு.

"சார், இன்னைக்கு நிகழ்ச்சி. ஒன்பதரைக்கு முடிச்சிருவேன்."

"ஒன்பது முப்பத்தொண்ணு ஆச்சுன்னா எழுதுவேன் வே."

"எழுதுங்க சார்."

இருபது வருசம் இதே பேச்சு. சார் வீட்டம்மா உள்ள எங்கயாவது நிப்பாங்க, முந்தானை மட்டும் தெரியும். அவுக பேரு என்னன்னுகூட எனக்குத் தெரியாது. எங்க எல்லாருக்கும் அவுக சார் வீட்டம்மாதான்.

போன மாசி மாசம் எங்க வார்டு கவுன்சிலர் பாக்கியசீலன் வேர்த்து விறுவிறுத்து வந்தாரு. மேடையை இடிச்சுட்டு அந்த இடத்துல வண்டி நிறுத்துற கட்டடம் கட்டப் போறாங்களாம். திங்கக்கிழமை கூட்டத்துல தீர்மானம். கேட்டா, ரெண்டு காரணம் சொல்லுதாங்களாம். ஒண்ணு, ஆளே வாரதில்ல. இன்னொண்ணு, தெருக்காரங்களே வேண்டாம்னு மனு மேல மனு போடுதாங்க. தெருக்காரங்கன்னா யாரு? நம்ம சார் ஒருத்தர்தான். ஃபைல்ல அது தெரியுமா?

"சனிக்கிழமை ஒரு அதிகாரியம்மா நேர்ல வாராங்க, நான் காலைப் பிடிக்காத குறையாக் கேட்டு வரச் சொல்லிருக்கேன்" ன்னாரு பாக்கியசீலன். "அன்னைக்குப் படி நிறைய ஆளு இருக்கணும் அண்ணாச்சி. அன்னைக்கு நடக்கலைன்னா, திங்கக்கிழமை மேடை இல்ல."

அண்ணாச்சி அஞ்சு நாளா அலைஞ்சாரு. மேடைல யாரெல்லாம் ஏறியிருக்காங்களோ எல்லார் வீட்டுக்கும் போனாரு. கோயில் பாட்டுக்குழுவுல ஜாய்சி, தப்ஸ் பையங்க, மாஞ்சோலைப் பொம்பளைங்க, இன்னும் அஞ்சாறு குழு, எல்லாரும் ஆளுக்கு இருவது நிமிசம்னு பேச்சு. ஜெனரேட்டர்கூட வாடகைக்குச் சொல்லிட்டாரு, நடுவுல கரண்டு போனா மானம் போகுமேன்னு. மேடை போனா எனக்குக் கடை போச்சு, அது ஒரு பக்கம். அந்த வாசல் எனக்குக் கடை மட்டும் இல்ல. எபி போன பொறவு கோட்டி பிடிச்ச மாதிரி வீட்டுக்குள்ளயே கெடந்தவளை, "வாசல்ல ரெண்டு கிழங்கு அவிச்சு வை தங்கச்சி, நாலு மனுசரப் பாரு" ன்னு கூப்பிட்டு உக்கார வச்சது அண்ணாச்சிதான்.

சனிக்கிழமை வந்துச்சு. நாலரைக்கு வழக்கம் போலக் கிளம்புனாரு. சாரை ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டு நானும் கூடவே போனேன். பத்து நாளா அவரு ஆஸ்பத்திரியிலதான் இருந்தாரு.

கதவைத் திறந்தது சார் வீட்டம்மா. கண்ணு ரெண்டும் உள்ள போயிருந்துச்சு.

"சார் எப்படிம்மா இருக்காரு?"

"வீட்டுக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. மூச்சு மட்டும் ஓடுது. மகன் புனேல இருந்து ரயில்ல வந்துக்கிட்டு இருக்கான், நாளைக்குக் காலைல வந்திருவான்."

மகன் வந்த பொறவுதான் எடுப்பாங்க. சாரு இப்பப் போயிட்டாருன்னா நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பிரேதம் வீட்டுல. இன்னைக்கு மைக் கெடையாது. மைக் இல்லைன்னா மேடை கெடையாது. இருபது வருசமா மனு எழுதி முடியாததை இந்த மனுசன் மூச்சை விட்டு முடிச்சிருவாரு போலயேன்னு ஒரு நெனப்பு ஓடுச்சு. அப்படி நெனைச்சதுக்கு அங்கனயே என்னைய நான் வஞ்சுக்கிட்டேன்.

அண்ணாச்சி தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாரு. பொறவு, "நிகழ்ச்சிய நிறுத்திருதேன்மா" ன்னாரு.

"உசுரு இருக்கும்போதே வீட்டைச் சாவு வீடாக்காதீங்க" ன்னாங்க அந்தம்மா. "நடத்துங்க."

"அப்படி ஏதும் ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா சொல்லுதேன்."

"யாரையும் அனுப்ப வேண்டாம்மா. அந்த அடுப்படி சன்னல் லைட்டு எனக்கு நல்லாத் தெரியும். அதை அணைச்சிருங்க போதும். நான் மைக்கை அணைச்சிருவேன்."

அவுக சரின்னு தலையாட்டுனாங்க. அண்ணாச்சி வந்து சாக்பீஸால கோடு கிழிச்சாரு. அவ்வளவு கீழ அவரு கோடு போட்டு நான் பாத்ததில்ல.

ஆறு மணிக்கெல்லாம் படி நெறைஞ்சு போச்சு. ஏழாவது படிக்கு மேல நிக்கவும் செஞ்சாங்க. எங்கிட்டு இருந்துதான் வந்தாங்களோ. பாக்கியசீலனுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. புங்கமரத்துக்கு அடியில வந்து அண்ணாச்சி காதுல முணுமுணுக்காரு.

"அண்ணாச்சி, ஒருவேளை லைட்டு அணைஞ்சா, ஒரு பத்து நிமிசம் பொறுத்துக்கிடுங்க. அந்த அதிகாரியம்மா எந்திரிச்சுப் போற வரைக்கும்தான் கேக்கேன்."

"லைட்டு அணைஞ்சா மைக் அணையும் தம்பி."

"மேடையே போயிரும்."

"தெரியும்."

பாக்கியசீலன் என்னையப் பாத்தாரு, நீயாச்சும் சொல்லேன்னு. நான் என்னத்தச் சொல்ல? மேடைக்காக எனக்கு உசுரு துடிக்குது. ஆனா அந்தச் சட்டமே என் பிள்ளைக்காகப் போட்டது. கிழங்கை உரிச்சுக்கிட்டு இருந்தேன்.

ஆறரைக்கு அதிகாரியம்மா வந்தாங்க. ரெண்டாவது படியில சனத்தோட சனமா உக்காந்துட்டாங்க. தப்ஸ் பையங்க ஆரம்பிச்சாங்க. அண்ணாச்சி மேடையப் பாக்கவே இல்ல. ஒரு கை மெயின் சுவிட்சு மேல, கண்ணு ரெண்டும் சன்னல் மேல. மஞ்சளா எரிஞ்சுக்கிட்டு இருக்கு. நானும் பாக்கேன். ஒருக்கா சன்னலுக்குக் குறுக்க யாரோ போனாங்க, வெளிச்சம் மறைஞ்சு வந்துச்சு. அண்ணாச்சி கை அமுங்கிப் பொறவு விட்டுது.

மாஞ்சோலைப் பொம்பளைங்க ஏறி நின்னு வாயத் திறக்கவும் சன்னல் பட்டுனு அணைஞ்சுது.

அண்ணாச்சி சுவிட்சை இறக்கப் போயிட்டாரு. நான்தான் அவரு கையப் பிடிச்சேன். "அண்ணாச்சி, தெருவைப் பாருங்க." தெரு பூரா இருட்டு. கரண்டு போயிருக்கு. மேடையும் இருண்டு, ஜெனரேட்டர்காரர் இழுத்து விட்டதும் மேடையில மட்டும் வெளிச்சம் வந்துச்சு. படியில எல்லாரும் கை தட்டுதாங்க. மாஞ்சோலைப் பொம்பளைங்க விட்ட இடத்துல இருந்து எடுத்துட்டாங்க. இப்ப என்ன செய்ய? சன்னல் இருட்டா இருக்குறது கரண்டு போனதுனாலயா, ஆளு போனதுனாலயா?

"பாக்கியம், வெரசாப் போயிப் பாத்துட்டு வா" ன்னாரு. "அதுவரைக்கும் மைக் கெடக்கட்டும். நீ வந்து சொல்லுதபடி."

ஓடுனேன். இருட்டுல சாக்கடைப் பலகை தட்டிச் செருப்பு அந்து போச்சு. கதவைத் தட்டுனேன். அந்தம்மா மெழுகுவத்தியோட வந்தாங்க. கதவைப் பாதிதான் திறந்தாங்க. ஒரு கையில மெழுகுவத்தி, இன்னொரு கையில கிழிச்ச வேட்டித் துணி ஒரு துண்டு. அவருக்கு முகத்தைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்கன்னு நெனைச்சேன்.

"சாரு?"

"இருக்காரு."

"அண்ணாச்சி பாத்துட்டு வரச் சொன்னாரு."

"அதான் இருக்காருன்னு சொல்லுதேம்லா. நீ போ. பாடச் சொல்லு."

குரல்ல ஒரு நடுக்கமும் இல்ல. உள்ள எட்டிப் பாக்கணும்னுகூட எனக்குத் தோணல. மேடைக்கு ஓடி வந்து, "இருக்காரு அண்ணாச்சி" ன்னேன். அவரு சுவிட்சுல இருந்து கையை எடுத்தாரு. அஞ்சாறு நிமிசத்துல கரண்டு வந்துச்சு, சன்னலும் எரிஞ்சுது. பொறவு அது அணையவே இல்ல.

ஜாய்சி குழு கடைசியாப் பாடி முடிச்சப்ப மணி ஒன்பது இருவது. அதிகாரியம்மா நேரா புங்கமரத்துக்கு வந்தாங்க.

"இவ்வளவு கூட்டத்துக்குச் சத்தம் ஏன் இவ்வளவு கம்மியா வச்சிருந்தீங்க?"

அண்ணாச்சி கோட்டைக் காட்டுனாரு. எதுக்கு அந்தக் கோடுன்னும் சொன்னாரு. அதிகாரியம்மா குனிஞ்சு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"மனு குடுத்தவரு வீடு எது?"

அண்ணாச்சி சன்னலைக் கை காட்டி, "இதுதான்மா. அவரு முடியாம கெடக்காரு. அவருக்குத்தான் இந்தக் கோடு" ன்னாரு.

"இதெல்லாம் ஃபைல்ல இல்லையே" ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க. நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல.

கூட்டம் கலைஞ்சதும் அண்ணாச்சியும் நானும் சார் வீட்டுக்குப் போனோம், நன்றி சொல்ல. கதவு சும்மா சாத்திக் கெடந்துச்சு. தள்ளிட்டு உள்ள போனா, சாரைத் தரையில கெடத்தியிருக்கு. தலைமாட்டுல விளக்கு. தாடையைச் சேத்துக் கட்டியிருக்கு. கால் பெருவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கு, அந்த வேட்டித் துணியால. அந்தம்மா அவரு கையப் பிடிச்சுக்கிட்டு, சன்னல் பக்கமா உக்காந்திருக்காங்க.

"எப்பம்மா?" ன்னாரு அண்ணாச்சி.

"தப்ஸ் அடிச்சு முடிக்கையில."

நான் கதவைத் தட்டும்போதே அவரு போயிட்டாரு. தனியா, ஒத்தப் பொம்பளை, புருசனைக் கீழ எறக்கிக் கெடத்தி, துணியைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு இருந்திருக்கா. நான் வாசல்ல நிக்கேன், என்கிட்ட பாடச் சொல்லுன்னு சொல்லி அனுப்புதா. ஒரு பொட்டு அழுகைச் சத்தம் இல்ல. முந்தானை நுனி கடிபட்டு நைஞ்சு போயிருந்ததை அப்பத்தான் பாத்தேன்.

அண்ணாச்சி அப்படியே தரையில உக்காந்துட்டாரு. "ஏம்மா இப்படிச் செஞ்சீங்க. பிரேதம் கெடக்கும்போது என்னைய மைக் போட வச்சுட்டீங்களே." அவருக்குக் கோவம். இருபது வருசம் காப்பாத்துன சட்டம் அது.

"அவரு கெட்டவரில்ல" ன்னாங்க அந்தம்மா. "அவருக்குச் சத்தம் ஆகாது, அவ்வளவுதான். நீங்க ஒவ்வொரு தடவையும் வாசல்ல வந்து அவர்ட்டதான் கேப்பீங்க. நான் பின்னாலதான் நிப்பேன். ஒருநாளாவது என்னைக் கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன். இந்தச் சன்னல்ல நின்னுதான் இருபது வருசமாச் சமைக்கேன். அந்தப் பாட்டுப் பிள்ளைகள்ல எதுக்கு ஜலதோசம், எது இன்னைக்கு வரலைன்னு இங்கன இருந்தே சொல்லிருவேன். ஒருக்காகூட படியில வந்து உக்காந்ததில்ல. இருக்குற வரைக்கும் அவரு சொன்னபடி கேட்டேன். போன பொறவு ரெண்டு மணி நேரம் எனக்குன்னு எடுத்துக்கிட்டேன். தப்பா?"

பொறவு அந்தம்மா கேட்டாங்க, "இனி அழலாமா? எல்லாரும் போயாச்சா?"

நான் போயி அவுகளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் அவுக அழுதாங்க. தெரு முழுக்கக் கேட்டுச்சு. பக்கத்து வீட்டு ஆளுக ஓடி வந்தாங்க. வந்தவங்கள்ல ஒருத்திதான் "வடிவக்கா" ன்னு கூப்பிட்டா. அவுக பேரு வடிவுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

திரும்பி மேடைக்கு வாரப்ப அண்ணாச்சி பைய நடந்தாரு. சாமான் எல்லாம் அப்படியே கெடக்கு. படியில உக்காந்துட்டு, "நான் கேட்டிருக்கணும்" னாரு. திரும்பத் திரும்ப அதையே சொன்னாரு.

எனக்கு அதுக்கு மேல அடக்க முடியல. இருபது வருசமா நெஞ்சுல கெடந்ததை எடுத்துப் போட்டுட்டேன்.

"என்னையுந்தான் நீங்க கேக்கல அண்ணாச்சி."

அவரு நிமிந்து பாத்தாரு.

"எபி செத்த அன்னைக்கு நான் வாசல்ல வந்து நின்னது பாட்டை நிறுத்தச் சொல்லி இல்ல. வீட்டுக்குள்ள எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. எனக்குக் கண்ணீரே வரல. பாட்டுச் சத்தம் எங்க இருந்து வருதுன்னு அது பின்னாலயே நடந்து வந்துட்டேன். அது ஓடுற வரைக்கும் எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைன்னு இருந்துச்சு. நீங்க அணைச்சீங்க. எல்லாரும் என்னையவே பாத்தாங்க. அப்பத்தான் எம்பிள்ளை போயிட்டான்னு எனக்கு உறைச்சுது."

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா தங்கச்சி."

"உங்க சட்டத்தால எத்தனை வீட்டுக்கு மரியாதை கெடைச்சுது. அதைப் போயி எப்படிக் கெடுக்க?"

அவரு தோள்ல கெடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டு இருந்தாரு. ஆத்துல இருந்து காத்து வந்துக்கிட்டு இருந்துச்சு. பொறவு வயரைச் சுருட்ட ஆரம்பிச்சாரு, நானும் கூடச் சேந்து சுருட்டுனேன்.

மறுநாள் மத்தியானம் சாரை எடுத்தாங்க. அண்ணாச்சியும் ஒரு பக்கம் தோள் குடுத்தாரு. மகன்ட்ட அந்த ராத்திரி நடந்ததை வடிவக்காவே சொல்லிட்டாங்க. அவன் அம்மாவையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, "அப்பா மனு எழுதுற பேனாவை ஞாபகமா நான் எடுத்துக்கிடுதேன்" னு மட்டும் சொன்னானாம். திங்கக்கிழமைத் தீர்மானத்தை ஒத்தி வச்சுட்டாங்க. ரத்து இல்ல, ஒத்திதான். எப்ப வேணும்னாலும் திரும்ப எடுக்கலாம்னு பாக்கியசீலன் சொல்லுதாரு. வரும்போது பாத்துக்கிடுவோம்.

அண்ணாச்சி பதினாறு நாளைக்கு மேடையப் பூட்டிப் போட்டாரு. சட்டப்படி பிரேதம் தெருமுனை தாண்டினாப் போதும். இவருக்கு மனசு கேக்கல. பதினேழாம் நாள் காலைல வடிவக்கா எங்க கடைக்கு வந்து நின்னு, "என்ன பாக்கியம், ஒரு சத்தத்தையும் காணோம்? அண்ணாச்சி மேடைய மூடவா நான் அவ்வளவு பாடுபட்டேன்?" ன்னாங்க. அண்ணாச்சி மரத்தடியில இருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. எந்திரிச்சுப் போயிப் பூட்டைத் திறந்தாரு.

இப்பவும் நாலரைக்குச் சாக்பீஸோட கிளம்பிருதாரு. வாசல்ல ஆம்பிளை வந்து சரின்னு சொன்னதும் போயிருதது இல்ல. "உள்ள இருக்கவங்களையும் கேட்டுச் சொல்லுங்க, நான் நிக்கேன்" ங்காரு. தெருவுல சாவுன்னா இப்பவும் மைக் கெடையாது. ஆனா அந்த வீட்டு வாசல்ல போயி ஒருக்கா கேட்டுட்டுத்தான் அணைக்காரு. ஒரு வீட்டுலகூட இதுவரைக்கும் அணைக்க வேண்டாம்னு சொல்லல. கேக்கது மட்டும் நிக்கல.

அந்தப் பதினேழாம் நாள் பூட்டைத் திறந்துட்டு, வயரெல்லாம் மாட்டி, மைக்கைத் தட்டிப் பாத்தவரு என்னையக் கூப்பிட்டாரு. படியில ஒரு ஈ காக்கா இல்ல. "எபி போன அன்னைக்குப் பாதில நின்ன பாட்டு எதுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு தங்கச்சி. மீதியக் கேக்குதியா?" ன்னாரு.

நான் கேக்கேன்னேன்.

"சத்தம் எவ்வளவு வைக்கட்டும்?"

அவரு சட்டைப் பையில இருந்து சாக்பீஸை எடுத்து என் கையில குடுத்தாரு. குமிழைச் சுத்தி இருபது வருசத்துக் கோடு, அழிச்சதும் அழியாததுமா. கையைக் கிழங்குச் சாக்குல துடைச்சுட்டு, நானே ஒரு கோடு போட்டேன்.